வேடம் கலைந்த விமானங்கள்

ராதா மோகன் இயக்கிய ‘பயணம்’ என்னும் திரைப்படத்தை நம்மவர் பலரும் பார்த்திருப்பர். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படம் தெலுங்கில் ‘ககனம்’ என்னும் பெயர் பெற்றது. சென்னையிலிருந்து புறப்பட்ட விமானம் ஒன்று கடத்தப்பட்டு, நம் திருப்பதியில் வந்து இறங்கி நிற்பதாகக் கதை. ரேணிகுண்டாவில் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நாள்தோறும் காணும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்கதையில் தனியோர் உவகை உண்டு. தொலைக்காட்சியில் அப்படம் ஓடி முடிந்ததும் அவர்கள் கேட்கும் வினாவும் பெரும்பாலும் ஒன்றுதான்: “படம் எடுத்த பிறகு அந்த விமானத்தை என்ன செய்தார்கள்?”

பெரியவர்களாகிய நாம் இவ்வாறு கேட்பதில்லை. நாயகன் பிழைத்தான், நாயகி அவனைச் சேர்ந்தாள் என்றதும் எழுந்து உண்ணப் போய்விடுகிறோம். எனினும் குழந்தைகளின் வினா அற்பமானதன்று. அதிலும் படத்தில் தோன்றியது உண்மையான போர் விமானமாக இருந்துவிட்டால், அதன் பிற்கால வரலாறு பல வேளைகளில் படத்தின் கதையைக் காட்டிலும் சுவையாக இருக்கிறது. அத்தகைய சில விமானங்களின் கதையை இத்திங்கள் நம் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இரண்டாம் உலகப் போர் 1945ஆம் ஆண்டில் முடிந்தபோது அமெரிக்க நாட்டில் பல்லாயிரக்கணக்கான போர் விமானங்கள் வேலையின்றி நின்றன. அவற்றைக் காத்து வைக்க இடமுமில்லை. பறக்க வைக்கத் தேவையுமில்லை. எடைக்கு விற்று உருக்கிவிடுவதே வழி என அரசினர் முடிவு செய்தனர். நேற்றுவரை நகரங்களை நடுங்கச் செய்தவை, இன்று அலுமினியக் கட்டிகளாயின. அந்நாளில் பால் மாண்ட்ஸ் என்னும் விமானி ஒருவர் இருந்தார். ஹாலிவுட் படங்களில் ஆபத்தான வான் சாகசங்களைச் செய்து கொடுப்பது அவர் தொழில். 1946ஆம் ஆண்டில், ஓக்லஹோமா மாநிலத்து ஸ்டில்வாட்டர் என்னும் ஊரில் நின்றிருந்த 475 போர் விமானங்களையும் ஒரே மூச்சில் அவர் விலைக்கு வாங்கினார். கொடுத்த தொகை ஏறத்தாழ 55,000 டாலர். கணக்குப் பார்த்தால் ஒரு விமானத்தின் விலை 120 டாலருக்கும் குறைவு! குண்டுவீச்சு விமானங்களும் சண்டை விமானங்களும் அதில் அடக்கம். எத்தனையோ நாடுகளுக்கு அவ்வளவு பெரிய விமானப்படை இல்லை என்று அவரே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வாராம். விமானங்களின் தொட்டிகளில் மீந்திருந்த பெட்ரோலை விற்றே போட்ட முதலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார் என்றும் சொல்வர். நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரர்கள் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ஆனால் வாசகர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த 475இல் படத்தொழிலுக்கு ஆகும் என்று அவர் நிறுத்திக்கொண்டவை ஏறத்தாழ ஒரு டஜன் மட்டுமே. எஞ்சியவை எல்லாம் உலைக்களத்துக்கே போயின. ஆக, பிழைத்த விமானம் எதனால் பிழைத்தது? போரில் அதிகமாகச் சாதித்ததாலா? இல்லை. படம் எடுப்பவர் ஒருவர் கண்ணில் பட்டதால். போர்க்களத்தில் தப்பிய பல விமானங்கள் அமைதிக் காலத்தில் தப்பவில்லை என்பதும், தப்பிய சிலவற்றைத் தப்புவித்தது அரசும் படையுமல்ல, திரைப்படமே என்பதும் விந்தையல்லவா?

அதே படத்தொழில் விமானங்களைக் கொல்லவும் செய்தது. 1949ஆம் ஆண்டில் வந்த ‘ட்வெல்வ் ஓ’கிளாக் ஹை’ என்னும் படத்தின் தொடக்கத்தில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று சக்கரங்களை இறக்காமலே வயிற்றால் தரையில் தேய்த்துக்கொண்டு வந்து விழும். அது தந்திரக் காட்சி அன்று. நான்கு பொறிகள் கொண்ட அவ்வளவு பெரிய விமானத்தை மாண்ட்ஸ் தனியொருவராக ஓட்டி வந்து உண்மையிலேயே அவ்வாறு வீழ்த்தினார். அதற்கு அவர் பெற்ற கூலி 4,500 டாலர். சில நொடிக் காட்சிக்காக ஒரு விமானம் அழிந்தது. பின்னர் 1965ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ‘தி பிளைட் ஆப் தி பீனிக்ஸ்’ படத்துக்கெனத் தனியே கட்டிய விமானத்தை அரிசோனா மாநிலத்து எல்லைப் பாலைவனத்தில் தாழப் பறக்கவிட்டபோது அது தரையில் மோதி இரண்டாக உடைந்தது. மாண்ட்ஸ் அங்கேயே உயிர் துறந்தார். ஒருமுறை எடுத்த காட்சியையே மறுமுறையும் எடுத்தபோது நேர்ந்த முடிவு அது. படத்தை அவர் நினைவுக்கே உரிமையாக்கினர்.

அடுத்து மஸ்கிட்டோ என்னும் ஆங்கில விமானத்தைப் பார்ப்போம். கொசு என்று பொருள்படும் இப்பெயருடைய விமானம் பெரும்பாலும் மரத்தால் ஆனது. ஒட்டுப்பலகையையும் இலேசான பால்சா மரத்தையும் பசையிட்டு ஒட்டிச் செய்தது. 7,781 விமானங்கள் கட்டப்பட்டன. மரத் தச்சர்களும் நாற்காலி மேசை செய்வோரும் போருக்கு உதவிய கதை அது. ஆனால் அவற்றை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தபோது, 1944ஆம் ஆண்டில், வெயிலும் மழையும் பட்டுப் பசை விட்டுப்போவதாகக் கண்டு, பறப்பதையே சிறிது காலம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. செய்முறைக் குறையும் அதற்குக் காரணமாயிற்று என்பர். நம் ஊர்ப் பங்குனி வெயிலில் கதவு நிலையே விரிந்துபோவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

கிரிகரி பெக் நடித்து 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி பர்ப்பிள் பிளெய்ன்’ படத்தின் நாயகன் பர்மாப் போரில் மஸ்கிட்டோ ஓட்டும் விமானி. பர்மாவாக நம் கண்ணுக்குத் தோன்றும் அந்நிலம் உண்மையில் இலங்கை. பிறகு 1964இல் ‘633 ஸ்குவாட்ரன்’ வந்தது. ஆங்கிலேய விமானப்படை தன் பணியிலிருந்து மஸ்கிட்டோக்களை அப்போதுதான் விலக்கியிருந்தது. ஆதலின் பறக்கும் நிலையில் இருந்த பல விமானங்கள் படக்குழுவுக்கு எளிதில் கிடைத்தன. எளிதில் கிடைத்த பொருளுக்கு மதிப்பு ஏது? அவற்றுள் சிலவற்றை விபத்துக் காட்சிகளுக்காக நொறுக்கியும் கொளுத்தியும் முடித்துவிட்டனர். அதே படத்தில் நடித்துத் தப்பிய ஒன்று இன்று டக்ஸ்பர்டு அருங்காட்சியகத்திலும், மற்றொன்று காஸ்பர்டு அருங்காட்சியகத்திலும் நிற்கின்றன. இன்று உலகெங்கும் பறக்கக்கூடிய மஸ்கிட்டோக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்று ஒரு பிற்பகலில் எரிந்ததைப் போன்ற ஒன்றைத் திரும்பக் கட்டி எழுப்ப இன்று பல்லாண்டுகள் ஆகின்றன.

காலம் மாறியது 1969இல் வந்த ‘பேட்டில் ஆப் பிரிட்டன்’ படத்தால். அப்படத்துக்கு விமானங்கள் தேடும் பொறுப்பை ஹேமிஷ் மஹாடி என்னும் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஏற்றார். ஸ்பிட்பயர் என்பது ஆங்கிலேயர் தம் உயிராகப் போற்றும் விமானம். இருபதாயிரத்துக்கு மேல் கட்டியிருந்தனர். அப்படியிருந்தும், நாடெங்கும் தேடியபோது 109 தான் கண்ணில் பட்டன. அவற்றுள் படத்துக்குக் கிடைத்தவை 27. பறக்கச் செய்ய முடிந்தவை 12. முப்பதாண்டுகூட ஆகாத காலத்தில் நிலைமை அப்படி! பாசறை வாயில்களில் அலங்காரப் பொருளாகக் கம்பத்தின்மேல் நின்றவற்றைக்கூட இறக்கிப் பழுது பார்த்தனர் என்றால் தேடலின் கடுமையை உணரலாம்.

எதிரிப் படைக்கு விமானம் தேடியதுதான் மேலும் சுவையானது. ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்கள் ஜெர்மனியில் கிடைக்கவில்லை, ஸ்பெயினில் கிடைத்தன. போர்க்காலத்தில் உரிமம் பெற்று ஸ்பானியர் அவ்விமானத்தின் உடலைக் கட்டத் தொடங்கினர். ஆனால் ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய பொறிகள் வந்து சேரவில்லை. போர் முடிந்த பிறகு அதே உடலில் ஆங்கிலேயரின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் பொறியைப் பொருத்தினர். ஸ்பிட்பயரின் நெஞ்சிலே துடித்த அதே பொறி! ‘புச்சோன்’ என்று பெயர் பெற்ற அவ்விமானங்களை ஸ்பெயின் தன் படையிலிருந்து விலக்கிய வேளையில் படக்குழு 27ஐ வாங்கிற்று. ஆகவே திரையில் ஆங்கிலேயரைத் துரத்திச் சுட்ட ‘ஜெர்மானிய’ விமானங்களின் உள்ளே உறுமியது ஆங்கிலேயப் பொறிதான். பகைவனும் நண்பனும் ஒரே நெஞ்சைப் பங்கிட்டுக்கொண்ட இந்நாடகத்தைப் படத்தின் கதையாசிரியர் எழுதவில்லை, விதி எழுதிற்று.

படம் முடிந்தது. தயாரிப்பாளர் கையில் பணம் குறைவு. அப்படத்தில் விமானியாகப் பணிபுரிந்த டெக்சாஸ்காரர் ஒருவர், கூலிக்குப் பதிலாக விமானங்களையே எடுத்துக்கொண்டார். கப்பலேற்றிக் கொண்டுபோய்த் தம் பண்ணையில் நிறுத்திவைத்தார். நிறுத்தினார் என்றால், ஏறத்தாழ 45 ஆண்டுகள் அவை அங்கேயே நின்றன. படத்துக்கென அடித்த வர்ணம்கூட மாறவில்லை. 2014ஆம் ஆண்டளவில் அவர் அவற்றை விற்றபோது விமானப் பித்தர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து வாங்கிச் சென்றனர். 2017ஆம் ஆண்டில் கிறிஸ்டபர் நோலன் எடுத்த ‘டன்கர்க்’ படத்திலும் மெஸ்ஸர்ஷ்மிட் வேடம் பூண்டது ஒரு புச்சோன்தான். தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அது ஜெர்மானியருக்காகப் பறந்ததில்லை!

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்த் திரை போர் விமானத்தை மிக முன்னரே நினைத்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1945ஆம் ஆண்டில் எடுத்த ‘பர்மா ராணி’ அப்படிப்பட்டது. போர் முயற்சிக்கு ஆதரவாகப் படம் எடுக்குமாறு அரசினர் வற்புறுத்திய காலம் அது. ஜப்பானியர் பிடியில் இருந்த பர்மாவில் விழுந்துவிட்ட இந்திய விமானப் படையினரும், அவர்களைக் காக்கும் பெண்ணும் கதையின் உயிர். 1942இல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து கால்நடையாகவே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருந்த நாளில் அப்படம் ஓடியது என்பதை மறக்கலாகாது. அவர்களுக்கு ஆகாயத்தில் கேட்கும் பொறியோசை கதையன்று. பிற்காலத்தில் ‘ஆராதனா’வைத் தழுவி 1974இல் வந்த ‘சிவகாமியின் செல்வன்’ படத்தில் சிவாஜி கணேசன் விமானப்படை வீரராகத் தோன்றியதை நம் வீட்டு மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பர்.

இந்திப் படங்களில் சேத்தன் ஆனந்தின் ‘ஹிந்துஸ்தான் கி கசம்’ 1973இலும், சசி கபூர் தயாரித்துக் கோவிந்த் நிஹலானி இயக்கிய ‘விஜேதா’ 1982இலும், ஜே. பி. தத்தாவின் ‘பார்டர்’ 1997இலும் வந்தன. இவற்றில் எல்லாம் இந்திய விமானப்படையின் விமானங்களே தோன்றின. இங்கேதான் நமக்கும் மேலை நாட்டாருக்கும் உள்ள வேறுபாட்டைக் காண வேண்டும். அங்கே படத் தயாரிப்பாளர் விமானத்தை விலைக்கு வாங்குகிறார், விரும்பினால் உடைக்கிறார். இங்கே விமானம் அரசின் உடைமை. படப்பிடிப்புக்கு வந்து பறந்து காட்டிவிட்டு மறுநாள் தன் வேலைக்குத் திரும்பிவிடுகிறது. லோங்கேவாலாவில் 1971ஆம் ஆண்டு டிசம்பரில் பாக்கிஸ்தானியத் தாங்கிகளைச் சிதறடித்த ஹண்டர் வகை விமானங்கள், கால் நூற்றாண்டு கழித்து ‘பார்டர்’ படத்தில் அதே போரை நடித்தபோதும் படைப்பணியிலேயே இருந்தன. 1957இல் வந்த ஹண்டர் 2001இல்தான் ஓய்வு பெற்றது. தன் வீரக்கதையில் தானே நடித்துவிட்டு மீண்டும் அலுவலுக்குப் போன நடிகரை வேறெங்கே காண்பது?

ஓய்வு பெற்ற பிறகு என்ன ஆயின என்று கேட்டால், பெரும்பாலானவை நாம் முன்னே கண்ட வழியே போயின. சில, பள்ளி வாயிலிலும் பூங்காவிலும் கம்பத்தின்மேல் ஏற்றப்பட்டன. மூக்கை நிமிர்த்தி வானை நோக்கி நிற்கும் அவற்றைக் கண்டு நாம் பெருமிதம் கொள்கிறோம். ஆனால் கூரையின்றி வெயிலிலும் மழையிலும் நிறுத்திய விமானம் ஆண்டுக்காண்டு அரிக்கப்படுகிறது. மேலே வர்ணம் பூசிவிட்டு உள்ளே பறவைக் கூடுகளை விட்டுவைப்பது மரியாதையாகாது என்பது நம் கருத்து.

எனினும், பிறர் எறிந்ததை எடுத்துக் காத்த பெருமை நமக்கும் உண்டு. அது படத்தில் வராத கதை. வந்திருக்க வேண்டிய கதை. லிபரேட்டர் என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் 18,000க்கு மேல் கட்டப்பட்டது. போர்க்காலத்தில் அமெரிக்கர் கடனாகத் தந்த லிபரேட்டர்களை ஆங்கிலேயர் இந்தியாவில் பறக்கவிட்டனர். போர் முடிந்ததும், கான்பூரில் நின்ற அவற்றை யாரும் பயன்படுத்தாவண்ணம் சேதப்படுத்திப் போட்டுவிட்டுச் சென்றனர். கடன் உடன்படிக்கை அப்படி. நாடு விடுதலை பெற்று, காஷ்மீரப் போரும் மூண்ட நேரத்தில் நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுமில்லை. 1948இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அந்தக் குப்பைமேட்டை ஆராய்ந்தனர். ஒன்றில் இறக்கை நன்றாயிருந்தால் மற்றொன்றில் வால் நன்றாயிருந்தது. ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தி, தட்டுத்தடுமாறிப் பறக்கும் அளவுக்குத் தேற்றினர். தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெத் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகக் கான்பூரிலிருந்து பெங்களூர் வரை ஓட்டி வந்தார். எந்த நிமிடம் எது கழன்று விழுமோ என்னும் நிலையில் இருந்த விமானங்கள் அவை. ஏறத்தாழ 40 விமானங்கள் இவ்வாறு வந்து சேர்ந்தன. செப்பனிடப்பட்டுப் படையில் சேர்ந்தன.

தொழில் தேடிப் பெங்களூருக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல அத்தொழிற்சாலையை நம்பியே வாழ்ந்தன. சித்தூருக்கு மேற்கே பலமநேர்க் கணவாயைத் தாண்டிப் போனால் எட்டிவிடும் ஊர்தானே! தாத்தா அங்கே வேலை பார்த்தார் என்று சொல்லும் வீடுகள் நம்மிடையேயும் இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டினர் பெட்டியின் அடியில் பழைய புகைப்படமோ அடையாள வில்லையோ இருக்கிறதா என்று தேடிப் பார்த்தல் நலம்.

அந்த லிபரேட்டர்கள் 1968ஆம் ஆண்டு முடியும்வரை நம் படையில் பறந்தன. உலகில் வேறெந்தப் படையிலும் அதற்குள் அவை இல்லை. அதன் பிறகுதான் அமெரிக்கர்க்கும் ஆங்கிலேயர்க்கும் தாம் பதினெட்டாயிரம் கட்டியதில் காட்சிக்குக்கூட ஒன்றிரண்டே எஞ்சியுள்ளன என்பது உறைத்தது. நம்மிடம் கேட்டு வந்தார்கள். ஒன்று கனடாவுக்குச் சென்று ஒட்டாவா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மற்றொன்று 1969இல் அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்குப் பறந்து சென்றது. இங்கிலாந்தின் விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ள லிபரேட்டரும் நாம் கொடுத்ததே. வேறொன்றை 1980களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒருவர் வாங்கிச் சென்று அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்கு விற்றார். பல்லாண்டு உழைப்புக்குப் பின் 1989இல் அது மீண்டும் வானில் எழுந்தது. தாங்களே சிதைத்துவிட்டுப் போனதை, தாங்களே விலை கொடுத்தும் வேண்டியும் பெற்றுச் சென்றனர். நமக்கென்று ஒன்றை டில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் வைத்துக்கொண்டோம்.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் கதையும் இதைப் போன்றதே. மாணவர் பாடத்துக்கென 1947இல் அங்கு கொடுக்கப்பட்ட ஹரிக்கேன் விமானம் ஒன்று திறந்த வெளியில் மண்ணும் மரமும் சூழக் கிடந்தது. 1982இல் அதைக் கண்ட பீட்டர் வாச்சர் என்னும் ஆங்கிலேயர் அதை மறக்கவில்லை. விசாரித்தபோது, 1940இல் இங்கிலாந்தின் வானில் உண்மையிலேயே போரிட்ட விமானம் அது என்று தெரியவந்தது. திரைப்படக்காரர்கள் நாடெல்லாம் தேடி மூன்றோ நான்கோ ஹரிக்கேன்களைப் பறக்கவைக்கப் பாடுபட்ட அந்நாளில், அப்போரையே கண்ட ஒன்று கங்கைக்கரையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நிழலாயிற்று! 2001இல் அவர் அதை வாங்கிக் கொண்டுபோனார். 2004 டிசம்பரில் அது பறந்தது.

அண்மைச் செய்தி ஒன்று. 1963 முதல் நம் படையில் இருந்த மிக்-21, சண்டிகரில் 2025 செப்டம்பர் 26ஆம் நாள் விடை பெற்றது. ‘விஜேதா’வின் இளைஞன் ஓட்டிய விமானம் இதுவே. இதன் விபத்துகளையும் அவற்றில் மடிந்த இளம் விமானிகளையும் பற்றிய சினத்தைக் கதையாக்கிய ‘ரங் தே பசந்தி’ 2006இல் வெளிவருமுன், பாதுகாப்பு அமைச்சராயிருந்த பிரணாப் முகர்ஜிக்கே அதைத் திரையிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. புகழும் பழியும் ஒருங்கே சுமந்த விமானம். இனி எடுக்கப்படும் படங்களில் கணிப்பொறி வரைந்த மிக்-21தான் பறக்கும். அதற்கு எடையுமில்லை, படம் முடிந்தபின் போக்கிடமும் வேண்டியதில்லை.

உண்மை விமானத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு இரண்டு இடங்களைச் சொல்லி வைக்கிறோம். நாம் சென்னைக்கு இரயிலேறினால் வழியில் வரும் அரக்கோணத்தில் ராஜாளி என்னும் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அங்கிருந்து கடலைக் காவல் புரிந்த டியு-142 என்னும் பெரிய ரஷ்ய விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்து சென்று, துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு, கடற்கரைச் சாலையில் மீண்டும் பூட்டப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட அக்காட்சியகத்தில் விமானத்தின் உள்ளேயே ஏறிப் பார்க்கலாம். சென்னைக் கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் மாருத் போர் விமானம் ஒன்று நிற்கிறது. பெங்களூரில் நம்மவர் கட்டியது அது, 1961இல் முதன்முதல் பறந்தது, கட்டப்பட்டவை 147. கோடை விடுமுறையில் உறவினர் வீட்டுக்குச் சென்னை செல்வோர் ஒரு முற்பகலை அதற்கு ஒதுக்கலாம். வெயில் ஏறுமுன் போவது நன்று.